காய்ச்சல்காரர் கதவு

எங்கள் தெருவில் யாருக்கு வயிறு சரியில்லை என்பது அவரவர் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் சாவியக்காவுக்குத் தெரிந்துவிடும். அவள் டாக்டரும் இல்லை, ஜோசியக்காரியும் இல்லை. தெருக்கோடியில் இருக்கிற பொதுக் கழிப்பிடத்தைத் திறப்பவள், கழுவுபவள், அங்கே அடிதடி வந்தால் நடுவில் புகுந்து விலக்குபவள். பூட்டும் சாவியும் அவள் பொறுப்பு என்பதால் சின்னப் பிள்ளை முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அவள் சாவியக்காதான்.

என் கடை அதற்கு நேர் எதிரே. மின்விசிறி ரிப்பேர் செய்கிறேன். ஊருக்கெல்லாம் காற்று வரவைக்கிற எனக்கு எந்தப் பக்கத்துக் காற்று வாய்த்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன், அக்கா வேலைக்கு வந்த பிறகு என் கடையில் உட்கார்ந்து ஒருவன் டீ குடிக்க முடிந்தது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடைதான் வரும். அது எனக்குப் பழகிப்போய், சுத்தமான காற்றில்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

கழிப்பிடத்தில் ஆண்கள் பக்கம் மூன்று கதவு, பெண்கள் பக்கம் மூன்று கதவு. ஆறும் தெருவைப் பார்த்தவை. தெருவில் எந்த வீட்டுக்கும் சொந்தமாக ஒன்று கிடையாது. வீடு என்பதே ஓர் அறை. அடுப்பு, படுக்கை, துணிமணி, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் அந்த நாலு சுவருக்குள்தான். ஆக, காலையில் மொத்தத் தெருவும் அக்காவின் வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். யாரும் கால்கடுக்க நிற்பதில்லை. வாளியைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவார்கள். வாளி நின்றால் ஆள் நிற்கிற கணக்கு. வரிசை நகர நகர, யார் வாளியாக இருந்தாலும் அக்கா காலாலேயே முன்னே தள்ளிவிட்டுக்கொண்டிருப்பாள்.

குழந்தைகளுக்கு மட்டும் வரிசை கிடையாது. "பையன் மூஞ்சியப் பாருங்க, தாங்காது. வழி விடுங்கப்பா, புண்ணியமாப் போகும்" என்று கூவுவாள். புதுப் பெண் யாராவது கூச்சப்பட்டுக்கொண்டு தள்ளி நின்றால், "என்ன கண்ணு, வயித்துக்கு என்ன வெட்கம்? வா வா" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து விடுவாள். அவளிடம் யாருக்கும் ஒளிவுமறைவு இல்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறது என்பதைக்கூட மாமியாருக்கு முன்னால் அவளிடம் சொன்ன மருமகள்கள் இருக்கிறார்கள். எல்லோரும் எதையும் தன்னிடம் சொல்வார்கள் என்று அவள் நம்பியதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் அவளைக் கவிழ்த்தது.

அவள் வீட்டுக்காரர் சிமெண்டு கிடங்கில் மூட்டை தூக்கியவர், தெருவுக்கு மூட்டைக்காரர். இருபது வருஷத்துக்கும் மேலாகச் சிமெண்டுத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் என்ன ஆகும்? படி ஏறினால் இரைக்கும். குனிந்து செருப்பு மாட்டினால் இரைக்கும். சிரித்தால் இருமல் வரும், ஆனாலும் அந்த மனிதர் சிரிப்பதை நிறுத்தியதில்லை. வேலையை விட்டபின் என் கடை வாசல் பெஞ்சுதான் அவருக்கு இடம். கழிப்பிடத்தை ஒட்டிய அறையில் இருவரும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மாதாமாதம் பெரியாஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் போய் உறிஞ்சுகிற மருந்தும் மாத்திரையும் வாங்கி வருவார். "சாதாரணச் சளி வந்தாலே இவருக்கு ஆபத்தும்மா, பார்த்துக்கோங்க" என்று அங்கிருந்த டாக்டர் அக்காவிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். அதிலிருந்து ஜன்னலில் காற்று அடித்தால்கூட எழுந்துபோய்ச் சாத்துவாள்.

அப்புறம்தான் அந்த நோய் வந்தது. உலகம் முழுக்க வந்ததென்று சொன்னார்கள். உலகத்தில் மற்ற இடங்களுக்கு எப்படி வந்ததோ, எங்கள் தெருவுக்கு முதலில் ஒலிபெருக்கி கட்டிய வண்டியாக வந்தது. "காய்ச்சல் கண்டவர்கள் தனி அறையில் இருக்கவும், தனிக் கழிப்பறையைப் பயன்படுத்தவும்" என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொல்லிக்கொண்டு போனது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த திருப்புளியை வண்டி மேல் எறியலாமா என்றிருந்தது. தனி அறையாம்! அந்தப் பெண்ணைக் கூட்டிவந்து ஓர் இரவு எங்கள் வீட்டில் படுக்க வைக்க வேண்டும். நானும் என் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் படுத்தால், ஒருத்தர் புரண்டால் மீதிப் பேரும் புரள வேண்டும்.

மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். அதற்கு முன்பெல்லாம் மின்விசிறி கழற்ற வீட்டுக்குள்ளேயே விடுவார்கள். ஒரு வீட்டில் நாலு குளியலறை பார்த்திருக்கிறேன். நாலாவதில் அட்டைப்பெட்டிகளும் பிள்ளைகளின் பழைய சைக்கிளும் கிடந்தன. நோய் வந்ததும் என்னைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். விசிறியை வாட்ச்மேன் கொண்டுவந்து தரையில் வைப்பார், நான் எடுப்பதற்கு முன் அதன்மேல் மருந்தடிப்பார், பிறகு என்மேலும் அடிப்பார். விசிறிக்கும் எனக்கும் ஒரே மரியாதை. அவர்கள் பயந்ததைக் குற்றம் சொல்லவில்லை. பயந்தவர்கள் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளக் கதவு இருந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

தெருவுக்கு ஒலிபெருக்கியோடு இன்னொரு ஏற்பாடும் வந்தது. கழிப்பிடத்துக்கு முன்னால் இடைவெளிவிட்டு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர் நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்கள் வட்டத்துக்கு ஒரு வாளியாக வைத்துவிட்டு, எதிர்ச்சுவர் நிழலில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவை வாளிகள் மட்டும்தான்.

அடுத்த இடி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மருந்து வாங்கப் போன மூட்டைக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெஞ்சு நோய்ப் பிரிவு முழுவதையும் புதுநோய்க்கு எடுத்துக்கொண்டாகிவிட்டது, பழைய நோயாளிகள் எப்போது வரலாம் என்பது பிறகு தெரிவிக்கப்படும். "பழைய நோய்க்கு லீவு விட்டுட்டாங்கப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார், இருமினார். அக்கா சிரிக்கவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸைக்கூட வேறு வேலைக்கு மாற்றிவிட்ட நேரம் அது. யாரிடம் போய்க் கேட்பது?

அன்று சாயங்காலம் அக்கா என் கடைக்கு வந்து, "தம்பி, மீந்துபோன பெயிண்ட் ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டாள். மின்விசிறி இறக்கைக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் கொஞ்சம் இருந்தது.

"எதுக்குக்கா?"

"ரெண்டு பக்கமும் கடைசிக் கதவக் காய்ச்சல்காரங்களுக்குன்னு ஒதுக்கப்போறேன். அவங்க அதுல போகட்டும், மத்தவங்க மத்ததுல போகட்டும். தனி ரூம் என்னால குடுக்க முடியாது. தனிக் கதவு குடுக்கலாம்ல? இவரும் இதே இடத்துக்குத்தானே தம்பி போகணும். இவருக்கு வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். அரசாங்கத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று நினைத்தேன். நானே பிரஷ்ஷும் கொடுத்து, கூட நின்று அடித்தும் கொடுத்தேன். மூட்டைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தபடி, "கதவுக்கு இவ்வளவு அலங்காரம் பண்றா, கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஒரு புதுச்சட்டைக்கு வழியில்லை" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். மறுநாள் அக்கா வரிசையின் முன்னால் நின்று, காய்ச்சலோ இருமலோ இருப்பவர்கள் யாரிடமும் கேட்க வேண்டாம், வரிசையிலும் நிற்க வேண்டாம், நேராகச் சிவப்புக் கதவுக்குப் போகலாம், ஒவ்வொருத்தர் போனதும் தானே கழுவிவிடுகிறேன் என்று அறிவித்தாள். எல்லோரும் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள்.

ஒருவர்கூடப் போகவில்லை.

தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, வரிசையில் வாளியை வைக்காமல், சிவப்பு அடித்த கதவை நோக்கித் தன்னந்தனியாக நடந்துபோவதற்கு யாருக்கு மனசு வரும்? போனால் அன்று சாயங்காலத்துக்குள் வீட்டு வேலை பார்க்கிற இடத்தில் வராதே என்பார்கள். கடையில் சாமான் தர மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணு என்பார். எங்கள் தெருவில் அந்த வரிசைதான் செய்தித்தாள். அதில் தன் பெயர் கொட்டை எழுத்தில் வருவதை எவரும் விரும்பவில்லை. அக்காவுக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை என்றால், அவள்முன் யாரும் வெட்கப்பட்டதே இல்லை. அவளிடம் யாருக்கும் வெட்கமில்லை என்பதையும், அவள் வாசலில் கூடிய தெருமுன் வெட்கம் உண்டு என்பதையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்க எனக்கும் தெரியவில்லை.

இருமல் மட்டும் வரிசையில் கேட்டுக்கொண்டே இருந்தது. தையல்கடைக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு இருமினார்.

"அண்ணே, அந்தப் பக்கம் போங்களேன்" என்றாள் அக்கா.

"புகையிலைம்மா. தொண்டையில மாட்டிக்கிச்சு."

"நீங்க எப்ப புகையிலை போட்டீங்க?"

"இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். பிறகு என் கடைக்கு வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "என்ன தம்பி இது, பொய் சொல்றாங்கன்னு அவங்களுக்கும் தெரியுது, எனக்கும் தெரியுது." அன்றிலிருந்து அவள் வீட்டுக்காரரை விடியும் முன்பே எழுப்பி, ஆண்கள் பக்கத்து மூன்று கதவையும் கழுவி, யாரும் வருவதற்கு முன்னால் போய்வரச் சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் அவர் அறையைவிட்டு வந்தால் சண்டைதான். ஆனால் எத்தனை நேரம் ஒரு மனிதரை அந்த அறைக்குள் அடைத்துவைப்பது? அவள் வேலையில் மும்முரமானதும் நைசாக என் பெஞ்சுக்கு வந்துவிடுவார். பெஞ்சுக்குத் தையல்கடைக்காரரும் வருவார்.

எனக்கு இந்த மறைக்கிற கும்பலைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கடையில் இருந்தபடியே உரக்கச் சொல்வேன். "காய்ச்சல வச்சிக்கிட்டு நடமாடுறவன் கொலைகாரன். எவன்னு தெரிஞ்சா நானே இழுத்துட்டுப் போய் ரோட்டுல விடுவேன்." வீட்டிலும் இதே பாட்டுதான். என் பெண்டாட்டி சோறு போட்டுக்கொண்டே, "சரி, விடுங்க, எல்லாருக்கும் பயம்தானே" என்பாள். "பயமாவது மண்ணாவது" என்று அவள் மேலும் பாய்வேன். பேசப் பேச நான்தான் தெருவிலேயே யோக்கியன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தது அப்போதுதான். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பாவம், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. சிவப்புக் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே பளபளவென்றிருந்தது. ஆள் போகாத இடம் வேறு எப்படி இருக்கும்?

"அடேயப்பா! இவ்வளவு சுத்தமான பொதுக் கழிப்பிடத்தை நான் பார்த்ததே இல்லம்மா" என்று செல்போனில் படம் எடுத்தார். அக்காவைப் பக்கத்தில் நிற்கவைத்து இன்னொரு படம்.

"யாருமே இதுல போறதில்ல சார். அதான் சுத்தமா இருக்கு."

"யாருமே போகலையா? அப்ப இந்தத் தெருவுல காய்ச்சலே இல்லைன்னு சொல்லுங்க!"

"அய்யோ, இருக்கு சார். வரிசையில நின்னு கேளுங்க. மறைக்கிறாங்க. டெஸ்டு பண்ற வண்டிய இங்க அனுப்புங்க, எல்லாருக்கும் பண்ணுங்க."

"யாருக்குன்னு சொல்லும்மா, பேர் சொல்லு, பண்ணிடலாம்."

தையல்கடைக்காரர் எதிர்ச்சுவர் ஓரம் நின்று அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடும். அவள் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் புன்னகையோடு கிளம்பிவிட்டார். எங்கள் தெருவுக்கு வருவதாக இருந்த பரிசோதனை வண்டி, "பாதிப்பில்லாத பகுதி" என்று இதை விட்டுவிட்டு அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனது. அங்கே வீடு வீடாக மணியடித்துப் பரிசோதித்தார்கள். எங்களுக்கு வந்தது பாராட்டு. காய்ச்சல்காரர் கதவு படத்தோடு, மாதிரிக் கழிப்பிடம் என்று ஏதோ செய்தியில் வந்ததாம். அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

இதற்கிடையில் மூட்டைக்காரர் அறைக்குள் படுப்பதை நிறுத்தியிருந்தார். உள்ளே புழுக்கமாம். கழிப்பிடத்தின் பின்பக்கம், பினாயில் கேன்கள் அடுக்கியிருக்கிற சந்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். அக்கா கத்தினாள், கெஞ்சினாள், சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் மசியவில்லை. தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு அங்கேயே போய்ச் சாப்பிட்டார். தட்டையும் தானே கழுவினார். "இந்த வயசுல இவருக்கு என் மேல என்ன கோபம்னே தெரியலை தம்பி" என்று என்னிடம் வந்து கண்கலங்கினாள். என் கடைக்குத் தண்ணீர் கேட்டு வருவார், மாத்திரை போட்டுக்கொள்வார். முதுகு வலி என்பார். மூட்டை தூக்கியவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? பெஞ்சுக்கு வருவதும் குறைந்துவிட்டது. வந்தாலும் ஓரத்தில், தள்ளித்தான் உட்கார்ந்தார். இருமலைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அது வருஷக்கணக்காக நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்.

ஒருநாள் காலை, வரிசை பாதி நகர்ந்திருந்தபோது, அக்கா பினாயில் எடுக்கச் சந்துக்குள் போனாள். அவள் போட்ட கூச்சலில் நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். மூட்டைக்காரர் கேன்களின்மேல் சாய்ந்துகிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தால் காத்திருங்கள், காத்திருங்கள் என்று பாட்டுப் பாடியது. ஆட்டோக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். மின்விசிறி ஏற்றிப்போகும் என் மூன்று சக்கர மிதிவண்டியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தோம். அக்கா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மிதித்தேன். தெரு முழுக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தது. மெயின்ரோடு வெறிச்சோடிக் கிடந்ததால் அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னிக்கிருந்துங்க? என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் மூச்சை இழுத்து இழுத்து, விட்டு விட்டுச் சொன்னார். "சாவிக்காரி புருஷனுக்கே வந்துடுச்சுன்னா… உன்னை வேலைய விட்டு எடுத்துடுவாங்க. அந்தக் கதவத் திறந்துட்டுப் போகலாம்னு பார்த்தேன். நடந்துபோக முடியலைடி. எல்லாரும் பார்த்துக்கிட்டே இருக்காங்க."

அக்கா வழியெல்லாம் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் படுக்கை இருந்ததா இல்லையா தெரியாது, எங்கள் வண்டியைப் பார்த்ததுமே காவலாளி கையால் போ போ என்று காட்டினார். பெரியாஸ்பத்திரியில் அப்படி விரட்டவில்லை, ஆனால் இடமில்லை. மரத்தடி, தாழ்வாரம், படிக்கட்டு எங்கும் ஆட்கள். நெஞ்சு நோய்ப் பிரிவு என்று எழுதியிருந்த பலகையின்மேல் வேறு தாள் ஒட்டியிருந்தார்கள். அவரை வருஷக்கணக்காகப் பார்த்த டாக்டர்கூட எங்கோ உள்ளே இருந்திருப்பார். நாங்கள் எங்கே தேடுவது? முகக் கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்த ஒரு நர்ஸ், "படுக்கை காலியானாத்தான்மா" என்றாள். எப்படிக் காலியாகும் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு ஸ்ட்ரெச்சர் கிடைத்தது. தாழ்வாரத்தில் இன்னொருவரோடு ஒரே சிலிண்டரைப் பங்கு போட்டுக்கொண்டு அவர் படுத்தார். கூட இருக்கக் கூடாதென்று எங்களை அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் போன் இல்லை, என் நம்பரைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் விலாசம் சொன்ன கையோடு தகவல் போயிருக்கிறது, திரும்பி வந்தால் இன்ஸ்பெக்டரின் ஆட்கள் எங்களுக்கு முன்னால் வந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவை அறைக்குள் போகச் சொல்லி வாசலில் குறுக்கே ஒரு தகரம். கழிப்பிடத்தின் இரண்டு பக்கத்துக்கும் நீளமாகத் தகரம். நோயாளி பயன்படுத்திய இடமாம், மறு உத்தரவு வரும்வரை சீல்.

நான் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "அப்ப இந்தத் தெரு ஜனம் மொத்தமும் எங்க சார் போறது?"

"அவங்கவங்க வீட்ல இருக்கறதப் பயன்படுத்திக்கட்டும்."

"வீட்ல இருந்தா இங்க எதுக்கு சார் வர்றாங்க?"

ஆணியை வாயில் கவ்வியிருந்த ஆள் பக்கத்து ஆளைப் பார்த்தார். "எங்களுக்கு அடிக்கச் சொல்லித்தான் உத்தரவு" என்றார். அடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் இருந்த அந்தச் சிவப்புக் கதவு, யாரும் தொடாதது, அதற்கும் சேர்த்துத்தான்.

ஆண்கள் சிமெண்டு கிடங்குக்குப் பின்னால் சாக்கடையோரம் போனார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டார்கள். என் பெண்டாட்டி தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். சோர்ந்து சோர்ந்து படுத்தாள். ஆத்திரத்தில் நான் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டினேன். நீங்கள் மறைத்ததால்தான் அவருக்கு வந்தது என்றேன். தையல்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. உடம்பைத் தரமாட்டார்களாம், அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். நான் தகரத்தருகே போய் நின்றேன். அக்கா உள்ளேயிருந்து காலடி கேட்டே என்னைத் தெரிந்துகொண்டாள்.

"தம்பி, போன் வந்துச்சா? ஏதாவது சாப்பிட்டாராமா?"

நான் பேசாமல் நின்றதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தனியாக அழுதுகொண்டிருக்க, ஒரு கையைப் பிடிக்கக்கூட யாரும் உள்ளே போகக் கூடாது என்றால் அது என்ன மனுஷச் சட்டம்? தெருவே வாசலில் வந்து நின்றது.

அடுத்த நாள் விடிந்தபோது தகரத்துக்கு வெளியே வழக்கம்போல வாளிகள் வரிசையாக இருந்தன. யார் முதலில் வைத்தார்களோ தெரியாது. கதவு திறக்காது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கால் வேறெங்கே போகும்? நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் உள்ளிருந்து அதிர்ந்தது. இரண்டு மூன்று உதையில் ஆணி பிடுங்கிக்கொண்டு சரிந்து விழுந்தது. அக்கா வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது, மூக்கையும் வாயையும் மூடிச் சேலைத் தலைப்பை இறுக்கிக் கட்டியிருந்தாள். மற்ற தகரங்களையும் அவளே இழுத்துப் போட்டாள். ஆறு கதவையும் பூட்டு நீக்கி அகலத் திறந்துவைத்தாள். பக்கெட்டில் பிளீச்சிங் கரைத்துக்கொண்டு வந்து, வரிசைக்கு முன்னால், நல்ல தூரத்தில் நின்றாள்.

"கிட்ட வராதீங்க, எனக்கும் இருந்தாலும் இருக்கும்" என்றாள். குரல் கரகரத்தது. "இனிமே தனிக் கதவுன்னு ஒண்ணு கிடையாது. எல்லாக் கதவும் எல்லாருக்கும். ஒவ்வொருத்தர் போனதும் நான் கழுவிவிடுவேன், அப்புறம்தான் அடுத்தவங்க. காய்ச்சலோட நிக்க முடியாம நிக்கறவங்க முதல்ல போங்க. யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. கேட்டா நான் கேட்பேன்."

யாரும் அசையவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் வீட்டுக்காரரு கூச்சப்பட்டே செத்துட்டாருப்பா" என்றாள் அக்கா. "என்கிட்டயே சொல்லக் கூச்சப்பட்டாரு. அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சது நான்தான். போதும். முன்னால வாங்க."

தையல்கடைக்காரர் தன் வாளியைத் தூக்கினார். இரண்டடி வைத்து, நின்று இருமிவிட்டு, மறுபடி நடந்தார். அவருக்குப் பின்னால் வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி. அப்புறம் அவள் மாமியார். அப்புறம் பால் போடுகிறவர். ஒருவர் பின் ஒருவராக வாளிகள் தரையைவிட்டு எழுந்தன. நான் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். பின்னால் மீந்த வரிசையில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

முன்னால் போனவர்களின் கடைசியில், சுவரைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் என் பெண்டாட்டி போய்க்கொண்டிருந்தாள்.